மல்லம்மகுண்டாவின் ஆழம்

ரோஸ்லின் ஒரு மனையில் போய் நின்றால், அங்கே பின்னாளில் எவ்வளவு உயரம் வெள்ளம் வருமோ அவ்வளவு உயரத்துக்கு அவருடைய உடை நனைந்துவிடும். நிலநடுக்கத்துக்குக் காதில் ஜிமிக்கி ஆடும். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பொறியியல் படித்து, மண் பரிசோதனை அலுவலகம் திறந்த நாளிலிருந்தே இப்படித்தான். கட்டடக்காரர்கள் பழகியிருந்தார்கள், அவர் வருகிற நாளில் ஒரு துண்டை எடுத்து வைத்துவிடுவார்கள். ஆனாலும் துளையிட்டு மண் எடுப்பதையும் பழைய மழைக் கணக்கைப் பார்ப்பதையும் அவர் எந்த மனைக்கும் விட்டதில்லை. உடம்பு சொன்னதைக் கருவியும் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து.

2004 மே மாதம் பத்மநாபன் அவரைக் கூப்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். கூட வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, கொண்டாப்பூருக்கு அப்பால் மல்லம்மகுண்டா என்ற இடத்தில் அடுக்குமாடி கட்ட மனை வாங்கியிருந்தார். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். மற்றவர்கள் அவர் வார்த்தையை நம்பி ஊரில் இருந்ததை விற்றுவிட்டு வந்தவர்கள்.

“பேர்லயே குன்னு இருக்கு மேடம். தண்ணி எப்படி ஏறும்?”

“குன்று இல்ல சார், குண்டா. தெலுங்குல குட்டை. நம்ம குண்டும் குழியும்னு சொல்றோமே, அந்தக் குண்டு,” என்றார் ரோஸ்லின், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

பத்மநாபனுக்கு முகம் செத்துவிட்டது. கூட வந்த மனைவி லலிதாம்பாள் விடவில்லை. “குன்னு வாங்கித் தாரேன்னு குளத்தையா வாங்கிருக்கீங்க? பிள்ளைகளுக்கு நீச்சலும் சேத்துப் படிச்சுக் குடுத்திருங்க.”

ரோஸ்லின் முதலில் வடக்கு மூலைப் பாறையில் ஏறி நின்றார். ஜிமிக்கி ஒரு கொசு உட்கார்ந்த அளவுக்கு ஆடிற்று. உடை காய்ந்தே இருந்தது. பிறகு தெற்கே இறங்கினார். வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சல்வார் கணுக்காலில் நனைந்தது, பிறகு முழங்காலில், இடுப்பில், தோளில். பத்மநாபன் பதறி ஓடினார். “நக்கோ சார், உள்ள வராதீங்க. இங்க ஆழம்.” ரோஸ்லின் இன்னும் கொஞ்சம் போனதும் அவர் தலைமுடி மேலெழுந்து மிதந்தது, துப்பட்டா ஒரு பக்கமாக அலைந்தது, வாயிலிருந்து குமிழிகள் வெயிலுக்குள் ஏறின. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புக் கம்பியை நட்டு, கையை உயர்த்தி, விரல் எங்கே உலர்கிறதோ அங்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டுத்தான் அந்தப் பெண்மணி கரையேறினார். அடுத்த வாரம் துளையிட்டபோது அதே இடத்தில் பழைய குட்டையின் களிமண் வந்தது.

“கோட்டக் கொஞ்சம் எறக்கிப் போட முடியாதா மேடம்? எல்லாரும் என்னை நம்பி வந்தவங்க.”

“கோட்ட எறக்கலாம் சார். தண்ணிய?”

பத்மநாபன் அன்று மாலையே எல்லாரையும் கூட்டி, குண்டாவைக் குன்று என்று நினைத்தது தன் தவறு என்று சொன்னார். ஏச்சு நிறையக் கிடைத்தது. பிறகு ரோஸ்லின் சொன்னபடி அத்தனை வீடுகளையும் பாறை மேலேயே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மீதி மனையைக் குட்டைக்கே விட்டார்கள். மறு ஆகஸ்டில் அது திரும்பி வந்து இருந்துகொண்டது.

2006இல் கிரகப்பிரவேசம். பசுமாடு மாடிப்படி ஏற மறுத்தது. யாரும் கலங்கவில்லை. கீழ்த்தளம் தொடங்கி எல்லா வீட்டுக்கும் ரோஸ்லினையே முதலில் நுழைய விட்டார்கள். லலிதாம்பாள் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவர் உடையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, “காஞ்சிருக்கு, பால வைங்க” என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினார்.