குகைக்குள் போனவன் யாரை மறந்தான்

நானும் என் தங்கை கிருபாவதியும் நாவல்களை மாற்றி மாற்றிப் படிப்போம். முதலில் முடித்தவள் மற்றவளிடம் “படி” என்று சொல்லலாம். முடிவைச் சொல்லக் கூடாது. ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு சித்தூரில் புதிய தமிழ்ப் புத்தகங்கள் அரிதாகிவிட்டன. நான் வேலூர் பஸ் ஏறி வாங்கி வருவேன். கொலையோ மந்திரமோ இருந்தால் எங்களுக்குப் போதும்.

கிருபாவுக்குக் காசநோய் கண்டு, திருப்பதிக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சனிக்கிழமைதோறும் போவேன். கடைசியாகக் கொண்டுபோனது ஒரு குகைக் கதை. அந்தக் குகைக்குள் போகிறவன் புதையலோடு திரும்புவான். ஆனால் தனக்கு வேண்டிய ஒருவரை அடியோடு மறந்திருப்பான். கதாநாயகன் யாரை மறந்தான் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும்.

“அம்மாவையா, பொண்டாட்டியையா? அத மட்டும் சொல்லுக்கா. ரெண்டு பக்கம் படிச்சாலே மூச்சு வாங்குது.”

“சொல்லமாட்டேன். படிச்சிக்கினே இரு, அடுத்த சனிக்கிழமை வந்து கேக்கறேன்.”

“கஞ்சம்,” என்று சிரித்தாள். உடனே இருமல் வந்துவிட்டது.

முடிவு தெரியாதவரை அவள் எங்கும் போகமாட்டாள் என்று நான் நம்பினேன். திருத்தணி எந்த ராஜ்யத்துக்கு என்ற கிளர்ச்சியில் அந்த வாரம் பஸ்கள் ஓடவில்லை. பஸ் மறுபடி ஓடுவதற்கு முன்னால் தந்தி வந்தது.

அடக்கம் முடிந்து, அவளுடைய சாமான்களை எடுக்கப் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சந்திரம்மா, பாலசமுத்திரத்துக்காரி. வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து தெரியாத அவளுக்குக் கிருபா வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“இந்த மாதிரி கதை நீ கேட்டிருக்கவே மாட்டேன்னு சொல்லிச் சொல்லி என்னை இழுத்து வுட்டா. தெனம் முடிஞ்ச மட்டும் படிப்பா. கடைசி அத்தியாயம் பாக்கி நிக்குது. கொஞ்சம் படிச்சிக் காட்டும்மா.”

புது விரிப்பு போட்டிருந்த கிருபாவின் கட்டிலில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நின்றபடியே வாசித்தேன். கதாநாயகன் வீடு வந்து சேரும் இடத்தில் சந்திரம்மா கையை உயர்த்தினாள்.

“இன்னிக்கு இத்தோட போதும். மீதிய அடுத்த வாரம் வந்து படி.”

அடுத்த வாரம் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“தங்கச்சிய மறந்துட்டான்,” என்றேன். “வாசல்ல நின்னுக்கினு இருந்தவள, நீ யாரும்மான்னு கேட்டுட்டான்.”

சந்திரம்மா என்னையே பார்த்தாள். “அவ கேட்டப்ப வாயத் தொறக்கல. வேணாங்கற எனக்குச் சொல்ற. இத்த வச்சிக்கினு ஒரு வாரம் ஓட்டியிருப்பேனே.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கேட்டதைக் கொடுக்காமல் வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கொலைக் கதையோடு போனேன். சந்திரம்மா எழுந்து உட்கார்ந்தாள். “மொதல்ல சொல்லிடறேன், கொலகாரன் யாருன்னு நீ மூச்சு வுடக் கூடாது.”

“எனக்கும் தெரியாது. நானே இன்னும் படிக்கல.”

“பொய் சொல்ற.”

பிரிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்களைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் தங்கையின் கட்டிலைக் காட்டி, “உக்காந்து படி,” என்றாள்.

உட்கார்ந்தேன்.