பீலிக்கரையில் நடந்த சங்கக் கூட்டம்

பதினொரு வருடம் நான்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். இந்தச் செல்லையா வந்தால் தோட்டத்தை நடத்தும் துரையே எழுந்து நிற்பார். சரி, அது பொய், நாற்காலி காட்டுவார். அப்படிப்பட்ட என்னையே கூட்டத்துக்குப் போக முடியாமல் செய்துவிட்டாள் ஒருத்தி.

அவள் பெயர் ஜீவராணி. அரநாயக்கப் பக்கத்துத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து படித்து, தொண்ணூற்றெட்டில் கேகாலைச் சங்க ஆபீசிலிருந்து எங்களிடம் கூட்டம் நடத்த வந்தவள். அவள் கூட்டிய முதல் கூட்டத்துக்கு ஆண்கள் நாற்பது பேர் போனோம். பெண்கள் எங்கே என்று கேட்டாள். அடுப்படியில் என்றேன். வேறு எங்கே இருப்பார்களாம்?

மறுவாரம் தோளில் துண்டும் கையில் சவர்க்காரமுமாக, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போய்விட்டாள். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய பெண்கள் குளிக்கிற நேரம். எந்த ஆம்பிளையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. மூன்று வாரம் கூட்டம் அங்கேதான். தலைவராகிய நான் தூரத்து மேட்டில் நின்று சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

ஆண்களும் வரக்கூடிய இடத்தில் கூட்டம் வை என்று ஜீவராணியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்திலேயே தலைவர் தேர்தலை வைக்கலாம், ஆனால் அன்றைக்கு ஆண்கள்தான் சமைக்க வேண்டும் என்றாள். ரோஷத்தில் ஒத்துக்கொண்டேன். அன்று லயம் முழுக்கப் புகை. என் ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மடுவம் நிறைந்துவிட்டது. ஆண்கள் பக்கமிருந்து மூக்கையா என் பெயரைச் சொன்னான். பெண்கள் பக்கமிருந்து மருதாயி பெயர் வந்தது. மருதாயி என் பெண்சாதி.

அவள் எழுந்து பேசினாள். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா கீழே இருக்கிறது. தாய்மாருக்கு வேலையோ மேல்மலையில். ஓடிவந்து பால் கொடுப்பதற்குள் பிள்ளை அழுது அழுதே தூங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நம்ம மூணு புள்ளைக்கும் இதே கததாங்க. சோறு போடுறப்பல்லாம் உங்ககிட்ட சொன்னேன். ஒரு நாளாச்சும் தொரைகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. கூரைத்தகடு கேட்டேன், பந்தடிக்க மைதானம் கேட்டேன். இது சங்கத்துக் காரியம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

மருதாயிக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றாள் ஜீவராணி. ஒரு கையும் எழவில்லை. பெண்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள்; புருஷன்மார் என்னைப் பார்த்தார்கள். மூன்று வாரம் ஜீவராணி பட்ட பாடெல்லாம் இப்போது என் கக்கத்துக்குள் கிடந்தது.

கையைத் தூக்கினேன். அப்புறம் எத்தனை கை எழுந்தது என்று எண்ணவில்லை, மருதாயியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதவி போன அன்றைக்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்படுவானா என்று எனக்கே ஆச்சரியம்.

"நாளைக்கு தொரைகிட்ட போறோம்" என்றாள் மருதாயி வெளியே வந்து. "நீங்களும் வாங்க. நான் பேசுறேன், நீங்க கேட்டுக்கிட்டு இருங்க."