கோழிகள் மேல் தப்பில்லை

யாங்கோன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் தையல் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த விடுதி அறையில், மத்தியான வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோபிகிருஷ்ணன் பல் கிட்டிக்க நடுங்கினான். அறைத்தோழன் மாஹிர் கொடியில் கிடந்த தன் லுங்கிகளையும் எடுத்து அவன் மேல் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கியே. இந்த லட்சணத்துல எப்படிடா போவ?"

"வரலன்னு எழுதி அனுப்பிடறேன்."

"எழுதுவானேன்? போன் பண்ணு."

"இந்தக் குரலக் கேட்டா அடுத்த படகுல ஏறி வந்து நிக்கும்டா அது."

அம்மா சொர்ணம்மாள் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில் இருந்தாள். கோழி வளர்த்து, படகுத்துறை டீக்கடைகளுக்கு முட்டை கொடுத்துப் பிழைப்பவள். பர்மிய பாஷை பேசுவாள், எழுத்து தெரியாது. சின்ன வயதில் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் அவளுக்குப் படிக்க வரும். மகனோ நேர்மாறு. தமிழ் பேசுவான், ஒரு எழுத்துகூடத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அவனுடைய போன் உட்கார்ந்திருந்தது. அவன் வாயால் சொன்னால் அது தமிழில் எழுதும். எழுதியதை அழுத்தினால் படித்துக் காட்டும். முக்கியமாக, நடுக்கத்தை எழுதாது.

போனை வாயருகே பிடித்துக்கொண்டு சொன்னான். "அம்மா, ஞாயித்துக்கிழமை வர முடியாது. எனக்கு ஙெப்யா வந்திருக்கு. மருந்து வாங்கியாச்சு. பயப்படாத."

நாம் மலேரியா என்று சொல்வதை அவர்கள் வீட்டில் ஙெப்யா என்றுதான் சொல்வார்கள். அதற்கு வேறு பெயர் உண்டென்று அவனுக்குத் தெரியாது. அழுத்திக் கேட்டான். 'எனக்கு நெய் பையா வந்திருக்கு' என்றது போன். இன்னொரு தரம் சொன்னான். 'நேத்து பையா.'

மாஹிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அதுக்குப் பர்மா பாஷை வராதுடா. பிரிச்சுச் சொல்லு. ஙெ-ன்னா பறவை. ப்யா-ன்னா காய்ச்சல்."

"பறவைக் காய்ச்சல்," என்றான் கோபி.

போன் ஒரு பிசகும் இல்லாமல் திருப்பிச் சொன்னது. அனுப்பினான்.

அன்று காலையில்தான் மருத்துவ நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்திருந்தார்கள். "எந்தப் பக்கம் போயிருந்தே? காடா, எல்லையா?" என்று நர்ஸ் கேட்டாள். நர்ஸை அங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்கேயும் இல்ல சயாமா. வீடு டாலா," என்றான். "டாலாவிலேயா?" என்று அவள் பேனாவை நிறுத்தி அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு டாலா என்றே எழுதிக்கொண்டு மாத்திரைகளைக் கொடுத்தாள். "பதினாலு நாள். ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டா ஈரல்ல பதுங்கிக் கிடந்து மறுபடி வரும்."

அந்த மாத்திரையை அவன் முன்பே பார்த்திருந்தான்.

போன மாதம் வரைக்கும் ஐந்து மாதம் அவன் ஷ்வேப்யிதாவில் இல்லை. தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஒரு சோளக்காட்டில் இருந்தான். கொசுவலை இல்லாத கொட்டகையில் பதினெட்டுப் பேர். வாரம் ஒரு முறை அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, "இங்க ஷ்வேப்யிதாவுல நல்ல மழை" என்பான். "எல்லைப் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தாள். அங்கே காய்ச்சல் வந்தபோது எல்லை ஆற்றங்கரை மருத்துவ நிலையத்தில் இதே பதினாலு நாள் மாத்திரையைக் கொடுத்தார்கள். நான்கு நாள் போட்டான், உடம்பு தேறியது. யாங்கோனுக்குத் திரும்பும் வழியில், சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், பொட்டலத்தின் மேல் அந்த எல்லை ஊர்ப் பெயர் அச்சடித்திருப்பதைப் பார்த்தான். பஸ் ஜன்னல் வழியாக வீசிவிட்டான்.

சாயங்காலத்துக்குள் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். நடுக்கம் நிற்கவில்லை, எடுக்கவில்லை. 'தொண்டை சரியில்லை' என்று போனிடம் சொல்லி அனுப்பிவைத்தான்.

மறுநாள், சனிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. எடுத்தான்.

"அம்மா..."

"நீ பேசாத, தொண்டைக்கு ஆகாது. கேளு. எல்லாத்தையும் முடிச்சுட்டேன்."

"எதம்மா?"

"கோழியத்தான். பதினொண்ணையும். குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைச்சாச்சு. அந்தப் புள்ளிக்காரிதான் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுகிட்டா. இழுக்க இழுக்க வரல."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்கும்மா?"

"எதுக்கா? நீதானே எழுதியிருக்க, பறவைக் காய்ச்சல்னு? தமிழ்ச் செய்தியில காட்டறான்ல, மூட்டை மூட்டையாக் கட்டிப் புதைக்கிறத. போன ஞாயிறு எங்கையால அறுத்துக் கொழம்பு வச்சேனே. போதும் போதும்னியே, இன்னும் ரெண்டு துண்டு அள்ளி வச்சேனே. நான்தான்டா உனக்கு நோவு குடுத்தேன்."

மாஹிர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பக்கத்து வீட்டு லத்தீபா மாட்டேன்னுச்சு. அதோட கோழியும் நம்ம கோழியோட மேயறதுதானே. எம்புள்ள சாகக் கிடக்கான்னு கையப் புடிச்சிகிட்டேன். நாலையும் தூக்கிக் குடுத்துட்டு அழுதுகிட்டே உள்ள போயிருச்சு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "என்ன மன்னிச்சிரு ராசா."

ஒரு வார்த்தை. ஙெப்யா என்று வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கு உடனே புரியும். சொன்ன மறு நிமிஷம், அது எங்கே கடித்த கொசு என்று கேட்பாள். சொல்லாவிட்டால் கேட்கவே மாட்டாள். செத்தது செத்துவிட்டது, பழியையும் கோழிகளே சுமந்துகொண்டு போகட்டும் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதுமே காது சுட்டது.

"சரி, வைக்கிறேன்," என்றாள் அம்மா. "தெருவுல இன்னும் ஆறு வீட்டுல கோழி இருக்கு. போயிச் சொல்லணும்."

"அம்மா, போகாத!"

"ஏன்டா?"

"கோழி மேல தப்பில்லம்மா. இது பறவைக் காய்ச்சல் இல்ல. ஙெப்யா. போன் ஒழுங்கா எழுதல, நான் தமிழ்ல மாத்திச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தூரத்தில் படகின் ஊதல் கேட்டது.

"ஷ்வேப்யிதாவுல ஏதுடா ஙெப்யா?"

சாக்கடைக் கொசு என்று சொல்லலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஷ்வேப்யிதா இல்லம்மா. அஞ்சு மாசமா எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். மருந்து குடுத்தாங்க. பாதியில தூக்கி எறிஞ்சுட்டேன்."

அம்மா போனை வைக்கவில்லை. "மாத்திரை எத்தன நாளு?" என்றாள்.

"பதினாலு."

"நாளைக்கு வந்து இங்கேயே தங்கிக்க. நீ எண்ணுறத நான் நம்ப மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் டாலாவில் இறங்கி நடந்தபோது தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவர் அவனைப் பார்த்துக் கொக்கரித்துவிட்டுப் போனார். லத்தீபா தன் வாசலில் காலிக் கூடையை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பறவையே," என்றாள். "முட்டை ஏதும் போட்டியா வழியில?"

"சாச்சி, என்ன மன்னிச்சி..."

"அதெல்லாம் அப்புறம். அதுல ஒண்ணு அடைகாத்துகிட்டிருந்துச்சுடா. முட்டை எல்லாம் சூடா இருந்துச்சு."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக் கொல்லைக்குப் போனான். மூலையில் மண் புதிதாக மேடுபோட்டு, சுண்ணாம்பு வெளிறிக் கிடந்தது. அம்மா சொம்பில் தண்ணீரோடு நின்றாள், கூண்டைப் பார்த்தபடி. அவன் வந்ததும் திரும்பவில்லை. சொம்பை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"நான் சொன்ன சொல்லு சொல்லுதான். உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன். முழுங்கு."

"பாக்காம எப்படிக்கா தெரியும், முழுங்கினானா துப்பினானான்னு?" லத்தீபா பின்னாலேயே வந்திருந்தாள். "தள்ளு, நான் பாக்கறேன். போடுடா."

மூன்றாம் நாள் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தான்.

"வாயத் தெற. நல்லா. நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம்."

இருபத்திரண்டு வயதுக்காரன் கொல்லையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். வேலிக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. லத்தீபா குனிந்து, அவசரமில்லாமல், கடைவாய் வரைக்கும் பார்த்தாள்.

"முழுங்கிட்டான்க்கா."

அம்மா காலிக் கூண்டைப் பார்த்துத் தலையசைத்தாள். "இன்னும் பதினொண்ணு," என்றாள்.

பதினொன்று மாத்திரையா, கோழியா என்று அவனுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. வாயை மூடவும் மறந்து நின்றான்.