உள்ளே ஈயம்

எங்கள் ஆற்றில் ஒரே சட்டம்: ஈ மிதக்க வேண்டும். நிஜ ஈ இல்லை; தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி நாமே கட்டும் ஈ. உள்ளே ஈயக் கம்பி வைத்துக் கட்டினால் அது மூழ்கி, அடியில் படுத்திருக்கும் மீனின் வாய்க்கே போய்விடும். அப்படிச் செய்தவருக்கு எங்கள் மீன்பிடிச் சங்கத்தில் இடமில்லை. இங்கிலாந்தில், எங்கள் ஹாம்ப்ஷயரில் கொலைகாரனுக்குக்கூட டீ கொடுப்பார்கள். ஈயம் வைத்தவனுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அன்று மாலை, பாலத்தடியில் கிடந்த கிழட்டு டிரவுட் மீனை மோரா பென்ஃபோல்ட் பிடித்தாள். என் பக்கத்து வீட்டுக்காரி. சங்கத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் கட்டிய முதல் ஈ, அவளுக்குக் கிடைத்த முதல் மீன். கையை நனைத்து அதை ஏந்தி, எங்கள் கண்முன்னேயே ஆற்றில் விட்டாள். செயலாளர் டெரிக் ஹால்ஸ்டெட் பல வருஷமாக அந்த மீனுக்காகத் தவம் கிடந்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

சங்கக் குடிசைக்குள் வந்ததும் ஆரம்பித்தார்.

"அந்த ஈயைக் கொஞ்சம் காட்டுங்க, மிஸஸ் பென்ஃபோல்ட். இவ்வளவு குண்டா இருக்கே, உள்ள என்ன வச்சீங்க?"

"என்னோட கத்துக்குட்டித்தனத்தைத்தான்" என்றாள் மோரா.

யாரும் சிரிக்கவில்லை.

"தண்ணியில போட்டுப் பாத்துடலாமே" என்றேன் நான்.

"மீன் வாயில ஊறின ஈ எதுவா இருந்தாலும் மூழ்கத்தான் செய்யும். பிரிச்சாத்தான் தெரியும். மாட்டேன்னா, இப்பவே சங்கத்தை விட்டு விலகிக்கட்டும்" என்றார் டெரிக்.

போன வாரம் அவள் வீட்டு மேஜையில் ஈயக் கம்பிச் சுருள் ஒன்றைப் பார்த்திருந்தேன். ஈயத்துக்குத் தடையில்லாத ஓர் ஏரிக்கு என்றாள். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மோரா ஈயை மேஜை இடுக்கியில் மாட்டித் தலை முடிச்சை அறுத்தாள். சேவல் இறகு அவிழ்ந்து விழுந்தது. மஞ்சள் நூல் சுற்றுச் சுற்றாகக் கழன்றது. அடியில் ஏதோ சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

"அதோ!" டெரிக் எழுந்தே விட்டார்.

மோரா அதை விரல் நுனியில் பிடித்து இழுத்தாள். முயல் ரோமம். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் நூல். அதற்கும் கீழே வெறும் முள்.

அவளைச் சந்தேகப்பட்டதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அவளுடைய முதல் ஈ மேஜையில் குப்பையாகக் கிடந்தது.

"சரி, ஈயம் இல்ல. நீங்க சங்கத்துல இருக்கலாம்" என்றார் டெரிக், ஏதோ வரம் கொடுப்பவர் மாதிரி.

"இருக்கேன். அடுத்தது உங்களோடது." சுவரில் சாய்த்திருந்த அவருடைய தூண்டிலைக் காட்டினாள். "சட்டம்னா எல்லாருக்கும்தானே?"

"என்ன திமிரு!"

"குடுங்க டெரிக், நானே பிரிக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் முகம் சிவந்தது. தூண்டிலைப் பறித்து, நுனியிலிருந்த ஈயை வெடுக்கென்று அறுத்து, ஜன்னல் வழியாக ஆற்றில் வீசினார்.

"இந்தக் கூத்துக்கெல்லாம் நான் ஆள் இல்ல!"

இறகும் நூலும் தண்ணீரில் விழுந்தால் சத்தமே வராது. அவருடைய ஈ 'ப்ளக்' என்று விழுந்தது குடிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.