பத்தடி மணல்

...பிக்கப்பில் கொழுவின பெட்டி பின்னால் வருகிறது, அதை மறந்துவிடக் கூடாது, என் சக்கரம் போன தடத்தில் அது வராது, வளைவு வந்தால் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், நான் எவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டினாலும் அது தன்பாட்டில் ஒரு முழம் தள்ளித்தான் மிதிக்கும்... சண்முகநாதன் அண்ணை முதல் நாளே சொன்னார், தங்கச்சி, கண்ணாடியிலை இருந்து கண்ணை எடுக்காதையும், பெட்டி எங்கை மிதிக்குதெண்டு பாரும், மிச்சத்தைப் பிக்கப் பாத்துக்கொள்ளும் என்று. அவுஸ்திரேலியாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மனிதர், அங்கே பாலைவனத்துக்குள் இப்படிப் பெட்டி கொழுவி இழுத்துக்கொண்டு போய்ப் படுத்து எழும்புவார்களாம், விரித்தால் கூடாரம், உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி. மணற்காட்டுக்கு அங்கால் கிடக்கிற மணலைக் கண்டதும் அந்த யோசனையை இங்கேயும் இறக்கிவிட்டார். மத்தியானத்துக்கிடையில் பெட்டியைக் கடற்கரையில் கொண்டுபோய் விரித்து வைக்க வேண்டும், வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று வருகிறது. மிதிவெடி அகற்றிற வேலையிலை பத்து வருசம் நிண்ட குணலட்சுமிக்கு மணல் ஒரு பொருட்டோ என்று வேலை தரும்போது பகிடியாகக் கேட்டார். நானும் சிரித்தேன். இப்போது கை ஸ்டியரிங்கில் வியர்க்கிறது, பத்து மணி கூட ஆகவில்லை, ஏசியும் வேலை செய்யவில்லை, நாலு கண்ணாடியும் திறந்து கிடக்கிறது, காற்றோடு மணலும் வந்து பல்லுக்குள் நெறுநெறுக்கிறது.

வழக்கமான பாதையால் போயிருந்தால் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டேன். மணல் அள்ளுகிறவர்கள் அந்தப் பாதையின் நடுவிலேயே ஆளுயரத்துக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பாழாய்ப் போவார்கள், சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. சுற்றி வந்தால் இங்கேதான் வந்து முட்டும் என்று எனக்குத் தெரியாதா... தெரியும். ஒரு பக்கம் தாழம்பற்றை, மறுபக்கம் மணல் திட்டி, நடுவில் ஒரு வாகனம் போகிற இடைவெளி, ஓரத்தில் நாங்கள் நாட்டிய சீமெந்துக் கட்டை, அரைவாசி புதைந்துபோய், இலக்கம் மட்டும் தெரிகிறது. அந்த இலக்கத்தை நான் மறந்தால்தானே. எட்டு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் முழங்காலில் நின்று வேலை செய்தேன், ஒரு மீற்றர் அகலத்தில் ஆளுக்கொரு லேன், குறுக்கே ஒரு சிவப்புத் தடி, தடிக்கு இங்கால் துப்பரவு, தடிக்கு அங்கால் சாவு, டிடெக்டரால் தடவி, றேக்கால் மெல்ல வாரி, பிறகு ஒரு சாண் தடியை முன்னுக்கு நகர்த்த வேண்டும், சாண் சாணாக ஒரு நாள் போகும். அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ரீச்சர் போன் எடுத்தா, உங்கடை மகள் பெரியபிள்ளையாயிட்டா, உடனை வாங்கோ, மாத்துச் சட்டையும் கொண்டு வாங்கோ என்று. என் லேனில் பத்தடிதான் மிச்சம். போக வேண்டும் என்றால் மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்ல வேண்டும், அவன் அதைக் கொப்பியில் எழுதுவான். கோபிசங்கர், இருபத்தாறு வயதுப் பொடியன், அவனிடம் போய் எந்த வாயால் சொல்வது, அவன் எழுதி, அதை அலுவலகத்தில் நாலு பேர் வாசித்து... வெட்கம். வேறொன்றும் இல்லை, வெறும் வெட்கம். அவன் மற்றப் பக்கம் திரும்பியிருந்த நேரம் தடியைத் தூக்கிப் பத்தடி தள்ளிப் போட்டேன். லேன் முடிஞ்சுது தம்பி என்றேன். ஓம் அக்கா, நீங்கள் வெளிக்கிடுங்கோ என்றான்.

அடுத்த நாள் வந்து செய்திருக்கலாம். அடுத்த நாள் எங்கே வந்தேன், வீட்டில் பிள்ளையை மூலையில் இருத்தி, உழுத்தங்களி கிண்டி, சொந்தம் சோலிக்குச் சொல்லி, பத்து நாள் லீவு, வந்து பார்த்தால் எங்கள் அணியை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று. பரிசோதிக்கிறவர்கள் வந்து அங்கொன்று இங்கொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். நானும் எனக்குள் சரி என்று சொல்லிக்கொண்டேன். இடத்தைச் சனத்திடம் ஒப்படைக்கிற நாளில் ஒரு வழக்கம் இருக்கிறது, சனம் பார்த்து நிற்க, துப்பரவாக்கின நாங்களே வரிசையாக அந்த மண்ணில் நடந்து காட்ட வேண்டும், எங்கள் காலை வைத்துத்தான் அவர்களுக்குத் துணிவு வரும். ஆளாளுக்கு அவரவர் லேனில் நிற்கச் சொன்னார்கள். என் செருப்பு வார் அறவில்லை. அறுந்ததுபோலக் குனிந்து மினைக்கெட்டேன், எங்கள் அணியில் இருந்த உதயகலா என்னைத் தள்ளிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றாள், அவள் சிரித்துக்கொண்டே கதைத்துக்கொண்டே நடந்தாள், சனம் கை தட்டியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமா... ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு மனிசியின் கால் எத்தனை இடத்தில் பட்டுவிடப் போகிறது? அச்சாறுப் போத்தல் மூடி அளவுதான் அந்தச் சாமான். கால் அதன்மேல் படாவிட்டால் அதுபாட்டுக்குக் கிடக்கும், நூறு பேர் பக்கத்தால் போகலாம். அதோடு இது மணல், ஒரு இடத்தில் இருக்காது, ஒவ்வொரு சோளகக் காற்றுக்கும் ஒரு பக்கத்தில் வாரி மறு பக்கத்தில் கொட்டும், அன்றைக்கு ஆழத்தில் கிடந்தது இன்றைக்கு மேலே வந்திருக்கும்.

பிக்கப்பை நிறுத்திவிட்டேன், நிறுத்தக் கூடாது, மணலில் நின்றால் தாழும், ஆனாலும் கால் தானாகப் பிரேக்கில் போய்விட்டது. பின்னுக்கு எடுக்கவும் ஏலாது, இந்த ஒடுக்கத்துக்குள் எடுத்தால் பெட்டி மடிந்து குறுக்கே நிற்கும். முன்னுக்குப் போனால்... வாகனத்துக்குள் இருக்கிறவர்களுக்கு உயிராபத்து வராது, டயர் கிழியும், தகடு கோணும், நாங்கள் தப்புவோம், அந்தச் சாமான் காலுக்கென்று செய்தது. அப்ப என்ன, கண்ணை மூடிக்கொண்டு போ குணலட்சுமி, டயர் போனால் போகட்டும். போனால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் இந்த மண் ஆர் துப்பரவாக்கினது என்று கொப்பியைப் பிரிப்பார்கள், என் பெயர் இருக்கும், பக்கத்தில் இருக்கிற மகள் தக்சாயினிக்கும் தெரியவரும். இவளுக்குத் தெரியக் கூடாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பசில் படிக்கிறாள், லீவென்று என்னோடு வந்திருக்கிறாள், இந்தக் கரை மண்ணெல்லாம் எங்கடை அம்மா துப்பரவாக்கினது என்று சிநேகிதப் பிள்ளைகளுக்குச் சொல்லித் திரிகிறவள், அப்பாவைப் போட்டோவில் மட்டும் கண்டவள், எனக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான். ஏனம்மா நிண்டிட்டீங்கள் என்கிறாள். மண் இளக்கமாக் கிடக்குது பிள்ளை என்கிறேன், குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் இறங்கி நடந்து பாக்கிறன், இறுகின பக்கத்தைக் காட்டிறன், நீங்கள் பின்னாலை வாங்கோ. கதவு திறக்கிறது, செருப்பைக் கழற்றி உள்ளே போடுகிறாள். வெறுங்கால். தக்சி, நில். நில் பிள்ளை, ஏறு உள்ளுக்கு. அவள் கட்டையைத் தாண்டுகிறாள், பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிக்காலால் மண்ணை அமத்திப் பார்க்கிறாள், அந்தக் குதிக்கால், பிறந்த அன்றைக்கு என் பெருவிரல் அளவு இருந்த குதிக்கால்... தாழையிலிருந்து இரண்டு முழம், அதுதான் என் லேன், இப்போது அதற்குள் இறங்குகிறாள். பத்தடி என்றால் அவள் ஐந்து எட்டு வைக்க வேண்டும். ஒன்று. கடவுளே. இரண்டு. குனிந்து எதையோ எடுக்கிறாள், எடுக்காதை, சிப்பி, வெறும் சிப்பி, எறிந்துவிட்டாள். மூன்று. நாலு... இடக்கால் புதைகிறது, இழுக்கிறாள். ஐந்து. அங்கால் போய்விட்டாள். திரும்பி நின்று, வாங்கோ, நல்ல இறுக்கம் என்று கையைக் காட்டுகிறாள்.

மூச்சு வந்தது. அப்போதுதான் இவ்வளவு நேரமும் மூச்சு விடாமல் இருந்தது தெரிந்தது. ஃபோர்-வீலில் போட்டு மெல்ல விடுகிறேன், வலப்பக்கச் சக்கரத்தை அவளுடைய காலடிகளின் மேல் வைத்து, அச்சொட்டாக, ஒரு விரற்கடை விலகாமல், முன் சக்கரம் கடந்தது, பின் சக்கரம் கடந்தது, பெட்டி ஒரு முழம் தள்ளி எங்கேயோ மிதித்துக்கொண்டு வருகிறது, கண்ணாடியில் பார்க்கிறேன், மணல்தான் பறக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. தக்சாயினி ஓடிவந்து ஏறுகிறாள், கால் மண்ணைத் தட்டுகிறாள், சும்மா பயந்தீங்களம்மா என்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. ஏறு எண்டு கத்தினனான், காது கேக்கேல்லையோ உனக்கு? அவள் என்னைப் பார்க்கிறாள். எப்ப கத்தினீங்கள்? நீங்கள் வாயே திறக்கேல்லையம்மா, நாலு கண்ணாடியும் திறந்துதானே கிடக்குது, கூப்பிட்டிருந்தால் நிண்டிருப்பன். என்னையே பாத்துக்கொண்டிருந்தீங்கள், ஏதோ எண்ணிற மாதிரி.

ஓம், எண்ணினேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன், நில் என்ற சொல் தொண்டைவரை வந்தது நல்ல நினைவிருக்கிறது, தொண்டையைத் தாண்டியதா என்றுதான்... இரும்பு வாகனத்துக்குள் இருந்தது நான், வெறுங்காலோடு போனது அவள், எது காலுக்கென்று செய்தது என்று எனக்குத் தெரியும், என்னைவிட வடிவாக இங்கே ஆருக்குத் தெரியும். பயத்தில் வாய் கட்டிப்போனதா, அப்படி ஆகும், மனிதருக்கு ஆகும். இல்லை, எட்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்விக்கு மறுமொழி நடந்து போகிறது, குழப்பாதே என்று வாய் பேசாமல் இருந்ததா? ஐந்தாவது எட்டில் வந்ததே அந்த மூச்சு, பிள்ளை தப்பிவிட்டாள் என்று வந்த மூச்சா, நான் தப்பிவிட்டேன் என்றா? அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டுகிறாள், குடியுங்கோ, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்குது என்கிறாள். வாங்கிக் குடிக்கிறேன், அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.