காசிலிங்கம் அண்ணாச்சி ஃபெயிலான சங்கதி

திரேஸ்புரத்தில் படகுக்காரர்களுக்குக் கயிறும் மிதவையும் விற்கும் காசிலிங்கத்தைப் படித்த மனிதர் என்று தெரு முழுக்கச் சொல்லும். கடைப் பலகையிலேயே இருக்கிறது: 'ச. காசிலிங்கம் பி.காம்., உரிமையாளர்'. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளிலும் அந்த பி.காம். தவறாமல் வந்துவிடும். ஒரு தடவை அச்சகத்தில் விட்டுப்போனதற்கு அவர் மனைவி சண்முகவடிவு மொய் எழுதாமலே திரும்பிவிட்டாள்.

மகள் ஐஸ்வர்யாவுக்கு மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் கேட்டு அப்பாவும் மகளும் வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் கூட்டிக் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"ஜாமீன் இல்லாம நாங்க தரக்கூடியது போக, இம்புட்டுத் துண்டு விழுது. முதல் பட்டதாரி சலுகை இருந்தா சரியா வந்திரும். குடும்பத்துல யாருமே டிகிரி முடிக்கலன்னா கட்டணத்துல ஒரு பங்கை அரசாங்கமே கட்டிரும். ஆனா உங்க வீட்டுலதான் அண்ணாச்சி பி.காம். ஆச்சே."

ஐஸ்வர்யா அப்பாவை முறைத்தாள். "ஏம்ப்பா, உங்கள யாரு படிக்கச் சொன்னா?"

மேனேஜர் சிரித்தார். காசிலிங்கமும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை. சங்கதி என்னவென்றால், அவர் பி.காம். படித்தது நிஜம், முடிக்கத்தான் இல்லை. புள்ளியியல் தாள் ஒன்று கடைசிவரை கைகொடுக்கவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது அவருடைய அப்பா, "ஒரு அரியர்தானல, அடுத்த தடவை பாஸாகிரு" என்று சொல்லிப் பத்திரிகையில் போட்டுவிட்டார். அடுத்த தடவையும் ஃபெயில். அப்புறம் கடை வந்தது, பிள்ளை வந்தது. பட்டதாரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அவரைக் கட்டிக்கொண்ட சண்முகவடிவுக்கு இன்றுவரை இது தெரியாது.

சொன்னால் மகளுக்குப் படிப்பு. சொல்லாவிட்டால் தனக்கு மரியாதை. வங்கி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகளிடம் மெல்லச் சொல்லிவிட்டார்.

"நெசமாவாப்பா? ஃபெயிலா?" ஐஸ்வர்யா துள்ளினாள். "சூப்பர்ப்பா!"

"மெதுவாப் பேசு, ஏளா. உங்கம்மைக்குத் தெரியக் கூடாது."

அன்றே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. சான்றிதழ் சத்தமில்லாமல் வந்து சேரும் என்று நினைத்திருந்தார். விசாரிக்க ஆள் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வி.ஏ.ஓ. செல்வராணி ஒரு மத்தியானம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேரே கடைக்கு வராமல், எதிரே டீக்கடை அய்யாக்குட்டியிடம் போனார். "காசிலிங்கம் எப்படி? படிச்சவரா?"

அந்தத் தெருவில் ஒருவரைப் பற்றி வெளியாள் விசாரிக்க வந்தால் அது கல்யாண விஷயமாகத்தான் இருக்கும். நாலு வார்த்தை கூட்டிச் சொல்வது அக்கம்பக்கத்தார் கடமை. அய்யாக்குட்டி பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார்.

"தங்கமான மனுசன். பி.காம்.ல ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"காலேஜுக்கே ஃபர்ஸ்ட்டு" என்றான், டீ குடித்துக்கொண்டிருந்த மீன் லாரி டிரைவர் சிவனாண்டி.

காசிலிங்கம் கல்லாவை விட்டு ஓடி வந்தார். "மேடம், அதெல்லாம் இல்ல. நான் டிகிரி முடிக்கல."

"அண்ணாச்சிக்கு எப்பவுமே தன்னடக்கம்" என்றார் அய்யாக்குட்டி.

செல்வராணி பலகையை நிமிர்ந்து பார்த்தார். "தெரு பாஸுங்குது. பலகையும் பாஸுங்குது. நீங்க ஒருத்தர்தான் ஃபெயிலுங்கீங்க. நான் யாரை நம்ப?"

"என்னை நம்புங்க மேடம்! பரீட்சை எழுதினது நானு."

"யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேக்கலாம். பதில் வாரதுக்குள்ள காலேஜ்ல பணம் கட்டுற தேதி போயிரும். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு, 'இவரு பட்டதாரி இல்ல'ன்னு எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பிருதேன்."

காசிலிங்கம் அய்யாக்குட்டியைப் பார்த்தார். அய்யாக்குட்டி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "என் மக பிரசவத்துக்கு ராத்திரியோட ராத்திரியா கார் பிடிச்சுக் குடுத்தவரு நீங்க. உங்கள ஃபெயிலுன்னு எழுதிக் குடுக்க நான் என்ன நன்றி கெட்டவனா?"

"ஏலே சிவனாண்டி, நீயாவது போடு."

"அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் அண்ணாச்சி."

காசிலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. நடுத்தெருவில் நின்று கத்தினார். "ஃபெயிலுவே! நான் ஃபெயிலு! ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பதினொரு மார்க்கு! திருப்பி எழுதி ஒம்பது மார்க்கு!"

அப்போதுதான், சாப்பாட்டுத் தூக்குவாளியோடு சண்முகவடிவு பின்னால் நிற்பதை அவர் கவனித்தார்.

"ஒம்பதா?" என்றாள் அவள்.

"ஆமா வடிவு."

"என் தம்பி பிளஸ் டூல ஃபெயிலானப்போ, எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாதுன்னு பேசினீங்களே?"

"பேசினேன்."

"பட்டதாரின்னுதான எங்கப்பா பவுனைக் கூட்டிப் போட்டாரு?"

"போட்டாரு."

செல்வராணி தொண்டையைச் செருமினார். "அம்மா, மிச்சத்த வீட்டுல போயி வச்சுக்கிடுங்க. சாட்சி கிடைக்கலன்னா உங்க பிள்ளைக்குச் சலுகை கிடையாது."

சண்முகவடிவு மகளை நினைத்தாளோ, மதுரைக் கல்லூரியை நினைத்தாளோ, தூக்குவாளியை டீக்கடை பெஞ்சில் வைத்தாள். புருஷனின் தோளைப் பிடித்து அய்யாக்குட்டியைப் பார்க்கத் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது பாஸான மூஞ்சியா?"

அய்யாக்குட்டி உற்றுப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தது அந்த முகம். "நீங்க சொல்லும்போதுதான் தெரியுது…" என்று இழுத்தார்.

"அப்போ கையெழுத்தப் போடுங்க."

போட்டார். சிவனாண்டியும் போட்டான். பலகையில் உள்ளதை இன்றைக்கே அழித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு செல்வராணி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சான்றிதழ் வந்தது, கடனும் கைகூடியது. ஆனால் வீட்டில் சண்முகவடிவு பேச்சை நிறுத்தியிருந்தாள். சோறு வரும், குழம்பு வரும், வார்த்தை வராது. ஒரு நாள் காசிலிங்கம் துணிந்து ஆரம்பித்தார்.

"வடிவு, அந்தப் பேப்பர இப்பவும் எழுத வழி இருக்காம். ராப்பகலாப் படிச்சு எப்படியும் பாஸாகிருதேன். அப்பவாவது உன் மனசு ஆறும்லா?"

சண்முகவடிவு கரண்டியோடு திரும்பினாள்.

"புத்தகத்தத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி! பிள்ளை படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல நீங்க பாஸாகக் கூடாது!"

சொல்லிவிட்டு, பொரித்த சாளை மீனில் பெரியதாக ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.