ஏறிய மரமும் இறங்கிய மரமும்

அவர் விழப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தைப் பற்றிப் பேசினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நீங்களும் நிம்மதியாக உட்கார்ந்து கேளுங்கள்.

நகரத்து மரங்களின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்கிற ஆட்களுக்குள் அவருக்கு வவ்வால் என்று பெயர். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கிளை அறுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேலே அவர், கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி. பத்தொன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. லாரி ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி. விழுந்த கிளைகளை வாரி ஏற்றுவதும் அவன்தான். கை ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது. "எங்க அக்கா மாமாவை வீட்டுல விட்டுப் பிடிப்பா, மரத்துல விடாமப் பிடிப்பா" என்பான்.

கயிற்றின் கதையைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும். மரத்தின் உச்சியில் கிளை பிரியும் கவையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டிக்கொள்வார். மறுமுனை அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி அவள் கைக்கு வரும். அவர் நகர நகர விடுவாள், அவர் திரும்பி வர வர இழுத்துக்கொள்வாள். வேலை முடிந்தால் அவர் கிளை பிடித்து இறங்குவதில்லை. அப்படியே பின்னால் சாய்ந்து கயிற்றில் உட்கார்ந்துவிடுவார். அவள் கொஞ்சம் கொஞ்சமாக விட, தொட்டில் இறங்குவதுபோல் தரைக்கு வந்து சேருவார். நடுவில் அவள் ஒருமுறை சுண்டினால், அசையக் கூடாது என்று அர்த்தம்.

கொஞ்ச காலமாக அவருடைய இரண்டு கண்களிலும் புரை படர்ந்து வந்தது. அவர் சொல்லவில்லை. அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் தம்ளரை மேசைக்கு நாலு விரல் தள்ளிக் காற்றில் வைத்தார். இன்னொரு நாள் கதவுப் பூட்டின் துவாரத்தைக் கட்டைவிரலால் தேடினார். கண் டாக்டரிடம் போகலாம் என்றாள். போகலாம் என்றார். அந்தப் "போகலாம்" அவர்கள் வீட்டுக் கொடியில் மூன்று மாதமாகக் காய்ந்துகொண்டிருந்தது.

மற்றவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், கை அப்படி. கிளை தண்டோடு சேரும் இடத்தில் கழுத்து மடிப்பைப் போல ஒரு வீக்கம் இருக்கும். அதைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி அறுத்தால்தான் மரத்துக்குப் புண் ஆறும். அதை அவர் தடவியே பார்த்துவிடுவார். அவர் வெட்டிய இடம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருக்கும். அதைப் பார்த்த யாருக்கு அவர் கண்மீது சந்தேகம் வரும்?

இந்த வாரம் முடிவதற்குள் அவராகப் போகாவிட்டால், வேலையைப் பார்வையிட வருகிற மேற்பார்வை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று அவள் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். சொன்னால் அவரை இனி மேலே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒருநாள் மரம் சொல்லிவிடும். கட்டினவரைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு பக்கம், கட்டையாகப் பார்ப்பதா என்று ஒரு பக்கம். இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்றைக்கு வாய்த்த தெருவில் இரண்டு பக்கமும் ஒரே வகை மரம், ஒரே நாளில் நட்டவை. வளர்ந்து நடுத்தெருவுக்கு மேலே ஒன்றின் விரலுக்குள் ஒன்று விரல் கோத்துக்கொண்டிருந்தன. இந்த வருஷம் இடது வரிசைக்கு மட்டும் கவாத்து. வலது வரிசை அடுத்த வருஷம். ஒரே தடவையில் இரண்டையும் கழித்தால் தெரு மொட்டையாகி, பறவைகளுக்கு ஒண்ட இடமில்லாமல் போகும்.

மேலே போனவருக்கு அங்கே ஓரம் என்று ஒன்றே இல்லை. இலை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுவைக்கவில்லை. ஒரு சூரியன் நூறாகி, பால் உருண்டைகளாக மிதந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு பெரிய பழத்துக்கு உள்ளே நடப்பதுபோல் இருந்தது அவருக்கு. காய்ந்த கிளை ஒன்றை அறுத்தார். அடுத்த கிளை தானாகவே கைக்கு வந்தது. அதைப் பிடித்தால் அதற்கடுத்தது. ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்குப் பிள்ளையைக் கொடுப்பதுபோல் மரம் அவரைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவரும் போய்க்கொண்டே இருந்தார். அங்கே அவசரம் இல்லை, வயசு இல்லை. காக்கை கரைவதுகூடத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

கீழே கயிறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்; அப்படி இரண்டு பாகத்துக்கு ஒரு சிவப்பு நூல் என்று அவள் கயிற்றில் கட்டிவைத்திருப்பாள். இந்த உயர மரத்துக்கு ஏழு நூல் தாண்டாது. எட்டாவது நூல் கையை விட்டுப் போனது. ஒன்பதாவதும் போனது. மரத்தைவிட நீளமாகக் கயிறு போகிறதே என்று நிமிர்ந்தாள். இலைதான் தெரிந்தது. மரத்தூள் எங்கே விழுகிறது என்று தேடினாள். எதிர்ப்பக்க நடைபாதையில், நிறுத்தியிருந்த சைக்கிளின் இருக்கைமேல், மஞ்சளாகத் தூவிக்கொண்டிருந்தது.

மனுஷன் மரம் மாறிவிட்டார். கயிறு தொங்குவது இந்த மரத்தில். தலைக்கு மேலே கயிறு இருக்கிறதென்று நம்பி அவர் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்தால், ஊஞ்சல்போல் வீசிக்கொண்டு வந்து இந்தப் பக்கத்து மரத்தில் மோதுவார். கத்திக் கூப்பிட்டால் திடுக்கிட்டு அவர் கை தவறும்.

ஒருமுறை சுண்டினாள். மேலே ரம்பம் நின்றது.

தம்பியைக் கண்ணால் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தாள். "எதுவும் பேசாதே" என்றாள். அவன் பேசவில்லை என்பதிலிருந்தே விஷயத்தின் கனம் உங்களுக்குப் புரியும். தெருவைக் கடந்து எதிர்மரத்தின் அடியில் போய் நின்று, சமையலறையிலிருந்து உப்பு கேட்கிற குரலில் பேசினாள்.

"என்னங்க. இடது பக்கம் தண்டு இருக்கு. அதைக் கட்டிப் பிடிச்சுக்குங்க."

"ஏன், குளவிக் கூடா?"

"இல்ல. பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு. நீ என்ன, குரல் இந்தப் பக்கமா வருது?"

"கயித்துல சாயாதீங்க. கயிறு எதிர் மரத்துல இருக்கு."

வழி தப்பியவர் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் எங்க இருக்கேன்?"

"என் தலைக்கு மேலதான் இருக்கீங்க" என்றாள்.

தம்பி கயிற்று நுனியை அடிமரத்தில் கட்டிவிட்டு, லாரியிலிருந்து ஏணியைத் தூக்கி வந்து சாய்த்தான். அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு படியாகக் காலால் தேடி அவர் இறங்கினார். பத்தொன்பது வருஷத்தில் ஏணியில் இறங்கியது அதுதான் முதல் தடவை. தரைக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். அங்கே எதுவும் தெரியவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மேற்பார்வை அம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்துவிட்டார். வலது வரிசையில் புதிதாக வெட்டிய கிளை கண்ணில் பட்டதும், இது அடுத்த வருஷ மரமாயிற்றே, யார் ஏறச் சொன்னது என்று கேட்டார். மூன்று நாளாகக் காட்டிக்கொடுக்கத் தயாராக இருந்தவள், அந்த நிமிஷத்தில் என்ன செய்தாள் தெரியுமா? நான்தான் மரத்தைத் தப்பாகக் காட்டிவிட்டேன் என்று ஆரம்பித்தாள். பொய் அவள் வாயில் பாதிதான் வந்திருந்தது. அவர் அவள் முழங்கையைத் தொட்டார்.

"அவ மேல தப்பில்லம்மா. எனக்குக் கண்ணு தெரியல."

அந்த அம்மா திட்டவில்லை. வெட்டிய இடத்தை நிமிர்ந்து பார்த்தார், அவர் கண்ணைக் குனிந்து பார்த்தார். இரண்டு கண்ணும் சரியாகி டாக்டர் எழுதிக் கொடுக்கிறவரைக்கும் தரையில்தான் வேலை, இன்றைக்கே போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரியின் பின்னால், வெட்டிய கிளைகளின் மேல் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். முன்னால் வரச் சொல்லி தம்பி கூப்பிட்டதற்கு, தழைதான் மெத்தென்று இருக்கிறது என்றாள் அவள். கண் ஆஸ்பத்திரிக்கு மெதுவாகவே ஓட்டு என்றாள்.

தெரு பாதி தாண்டியதும் அவர் சொன்னார். பயம் ஆபரேஷன் கத்திக்கு இல்லையாம்.

"கண்ணு சரியானா அது போயிடுமே, அதான் தள்ளிக்கிட்டே வந்தேன்."

"எது?"

"மேல இருக்கிறது. நீ பார்த்ததில்ல. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு கிடக்கும். எந்த இலையும் தனியா நிக்காது."

இதற்காகவா உயிரைப் பணயம் வைத்தீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவளோ தழைமேல் மல்லாந்து படுத்தாள். மேலே இரண்டு வரிசை மரங்களும் கைகோத்தபடி பின்னால் போய்க்கொண்டிருந்தன. கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மூடு" என்றார் அவர்.